200 வாட் வேண்டுமா? வீட்டு ஹாலுக்குப் பவர் ஆம்ப்ளிஃபயர் தேர்ந்தெடுப்பது பற்றி

புளியரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய ஹால் 12 அடிக்கு 18 அடி. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறார். அதன் பின்பக்கத்தில் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல், இம்பிடன்ஸ், அதாவது ஆம்புக்கு அது காட்டும் மின்தடை, 6 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. சோபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே பத்தடி தூரம். இப்போது ஒரு பழைய ஏவி ரிசீவரில் (டிவிக்கும் பாட்டுக்கும் சேர்த்து வைக்கும் ஹோம் தியேட்டர் ஆம்ப்) அவை ஓடுகின்றன. அதன் அட்டைப்பெட்டியில் சேனலுக்கு 80 வாட் என்று போட்டிருந்தாலும், தவிலோ செண்டையோ உச்சத்துக்குப் போகும்போது "அடி சப்பென்று ஆகிவிடுகிறது அண்ணாச்சி" என்கிறார். கையில் 25,000 ரூபாய் வைத்துக்கொண்டு மூன்று வழிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். தென்காசியில் ஒரு மெக்கானிக் 5200, 1943 டிரான்சிஸ்டர் போர்டு போட்டு 200 வாட் செட் அசெம்பிள் செய்து தருவதாகச் சொல்கிறார். இணையத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீனத்து கிளாஸ் டி ஆம்ப் கிடைக்கிறது. அதன் மேல் சேனலுக்கு 300 வாட் என்று எழுதியிருக்கிறது. புனலூரில் ஒருவர், கல்ஃபிலிருந்து வந்த காலத்தில் கொண்டுவந்த ஜப்பான் பவர் ஆம்ப் ஒன்றை விற்கிறார். இவற்றில் எது நல்லது, 200 வாட் போதுமா என்பது கேள்வி.

தம்பி, முதலில் வாட் கணக்கை ஓரமாக வைத்துவிடலாம். ஆம்ப்ளிஃபயர் என்ற பெட்டி ஸ்பீக்கருக்குக் கொடுப்பது வோல்ட். அந்த வோல்ட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறதோ அதையும் தடுமாறாமல் கொடுத்தாக வேண்டும். வாட் என்பது இவ்விரண்டையும் பெருக்கி வரும் எண் மட்டுமே. ஆகவே உங்கள் ஹாலுக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டால், மூன்று பெட்டிகளில் எது அதைக் கொடுக்கும் என்பதை விளம்பரத்தின் உதவி இல்லாமலே கண்டுகொள்ளலாம்.

87 டெசிபல் என்பது, ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்த சத்தம். 2.83 வோல்ட் என்ற விசித்திரமான எண் எதற்கென்றால், 8 ஓம் சுமையில் அது சரியாக ஒரு வாட் ஆகும். உங்கள் 6 ஓம் ஸ்பீக்கரில் அதுவே ஒன்றேகால் வாட்டுக்குச் சற்று மேல். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். மூன்று மீட்டரில் ஒன்பதரை டெசிபல் போய்விடும். ஆனால் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் உள்ள ஹாலில் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால், பத்தடி தூரத்தில் 6 டெசிபல் அளவுக்குக் குறையும் என்று வைத்துக்கொள்வது நியாயமானது. இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடுவதால் 3 டெசிபல் கூடும். ஆக, 2.83 வோல்ட்டுக்கு உங்கள் சோபாவில் ஏறத்தாழ 84 டெசிபல் கேட்கும். வீட்டில் நன்றாகச் சத்தம் வைத்துக் கேட்கும் சராசரி அளவே அதுதான். அதாவது நீங்கள் பெரும்பாலான நேரம் பயன்படுத்துவது ஒன்றிரண்டு வாட்.

பிறகு ஏன் அடி சப்பென்று ஆகிறது? தவிலின் வலந்தலையில் விழும் ஒரு விரல் அடி, செண்டைக் கோலின் ஒரு வீச்சு, சராசரியிலிருந்து மிகக் குறுகிய நேரத்துக்கு 15 முதல் 20 டெசிபல் வரை எழும்பி இறங்கும். சினிமாப் பாட்டின் பதிவில் இந்த உச்சங்களைப் பெரும்பாலும் முன்கூட்டியே அமுக்கி வைத்திருப்பார்கள். கோயில் திருவிழாவில் நேரடியாகப் பதிந்த மேளத்தில் அவை அப்படியே இருக்கும். எனவே சராசரி 84 என்றால் உச்சத்துக்கு 102 டெசிபல் வேண்டும். 18 டெசிபல் ஏற வோல்ட் எட்டு மடங்காக வேண்டும், 2.83-ஐ எட்டால் பெருக்கினால் 22.6. இதுதான் உங்களுக்கு வேண்டிய எண். 8 ஓம் கணக்கில் அது 64 வாட். 6 ஓமில் 85 வாட். ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் 4 ஓமுக்கு இறங்கும் இடங்களில் 128 வாட்.

இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். 6 ஓம் என்பது பெயரளவு எண். ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். பெயரளவு மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சர்வதேசத் தரம் சொல்கிறது. 6 ஓமுக்கு அது 4.8. ஆயினும் பல தயாரிப்பாளர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே உங்கள் டவர் எங்கோ ஓரிடத்தில், பெரும்பாலும் தவிலின் தொப்பி அதிரும் கீழ்ச் சுருதியில், 4 ஓமைத் தொடும் என்று எண்ணிக்கொண்டு ஆம்ப் தேடுவது நல்லது. நாம் கணக்கிட்ட 22.6 என்பது ஆர்எம்எஸ் எனும் ஒருவகைச் சராசரி வோல்ட்; அலையின் முனை அதைப்போல் 1.4 மடங்கு. ஆக, அந்த நொடியில் உச்ச வோல்ட் 32. இழுக்கும் ஆம்பியர் 8. எட்டு ஆம்பியரை ஒரு நொடியின் சிறு துணுக்குக்காவது கொடுக்க முடியாத ஆம்ப், மேல் மூடியில் என்ன எழுதியிருந்தாலும், உங்கள் வீட்டில் திணறும்.

200 வாட் பற்றி இப்போது நீங்களே சொல்லிவிடலாம். 100 வாட்டிலிருந்து 200 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல்; காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்ற அளவுதான். சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 8 ஓமில் 60 வாட்டைச் சுத்தமாகக் கொடுத்து, 4 ஓமில் அதை இரட்டிப்புக்கு அருகே கொண்டுபோகும் ஆம்ப் உங்களுக்குப் போதும். 100 வாட் என்றால் கை தாராளம்.

வாட் எண்களில் நடக்கும் வித்தையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உங்கள் ரிசீவரின் 80 வாட், பெரும்பாலும் ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 6 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றைச் சுருதியில், காதுக்கே தெரியும் அளவு உருக்குலைவை (ஒலி அலை சிதைவதை) அனுமதித்து எடுத்த எண்ணாக இருக்கும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இந்த நிபந்தனைகளைப் பார்க்கலாம். இந்தக் குழப்பத்துக்காகவே அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1974-இல் ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களுக்கென்று தனி விதி போட்டது. 2024-இல் அதைத் திருத்தி, 8 ஓம் சுமை, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, உருக்குலைவுக்கு ஒரு வரம்பு என்ற ஒரே அளவுகோலில் வாட்டைச் சொல்ல வேண்டும் என்று இறுக்கியது. நம் கடைகளில் இன்னும் பிஎம்பிஓ (கண நேர உச்ச வாட்) என்ற எண் ஒட்டிய பெட்டிகளைக் காண்கிறோம். அந்த எண்ணுக்கு எந்தத் தர அளவுகோலும் கிடையாது. அதைப் படிக்காமல் கடந்துவிடலாம்.

இனி மூன்று பெட்டிகளுக்கு வருவோம். எதை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அதன் பவர் சப்ளை. ஸ்பீக்கருக்குப் போகும் வோல்ட் அங்கிருந்துதான் வர வேண்டும். உள்ளே இல்லாத வோல்ட் வெளியே வராது.

அந்தச் சீனத்து கிளாஸ் டி ஆம்பின் உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிபிஏ 3255 என்ற சிப் இருக்கும் என்று நினைக்கிறேன். 300 வாட் என்று எழுதும் சிறு பெட்டிகளில் அதுதான் பரவலாக இருக்கிறது. நல்ல சிப். தயாரிப்பாளரின் தாளில் சேனலுக்கு 315 வாட் என்ற எண்ணும் இருக்கிறது. ஆனால் அது 4 ஓமில், 51 வோல்ட் சப்ளை கொடுத்து, 10 சதவீத உருக்குலைவில் எடுத்தது. பெட்டியோடு வரும் அடாப்டரை எடுத்துப் பாருங்கள். 32 வோல்ட், 5 ஆம்பியர் என்றிருந்தால், மொத்தமே 160 வாட் அடாப்டர். அதிலிருந்து இரண்டு சேனலுக்கு 600 வாட் எப்படி வரும்? மேலும், 32 வோல்ட் சப்ளையில் அந்தச் சிப் கொடுக்கக்கூடிய உச்சம் அதே 32 வோல்ட். 8 ஓமில் கணக்கிட்டால் 64 வாட், அதுவும் இழப்பே இல்லை என்ற கற்பனையில். நமக்கு வேண்டிய எண்ணும் அதேதான் என்பதால், விளிம்பில் நிற்போம். அதே ஆம்பை 48 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரோடு வாங்கினால் 8 ஓமில் 144 வாட் வரை கணக்கு போகிறது. இழப்பு போனாலும் உங்கள் தேவைக்கு மேல் 3 டெசிபலுக்குக் குறையாமல் கையிருப்பு நிற்கும். இரண்டு அடாப்டருக்கும் விலை வேறுபாடு சொற்பம். விற்பவர்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை; வாங்குபவர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கிளாஸ் டி என்றால் டிஜிட்டல் என்று பலர் எண்ணுகிறார்கள், அப்படி அல்ல. ஏ, பி, சி வகைகளுக்குப் பிறகு வந்ததால் டி. டிரான்சிஸ்டர்களை அதிவேகமாகத் திறந்து மூடி, வெளியே ஒரு காயிலும் கண்டன்சரும் வைத்து இசையை மட்டும் வடித்தெடுக்கும் முறை அது. 90 சதவீதத்துக்கு அருகே திறன் உண்டு. ஆகவே சூடு குறைவு. குறை ஒன்று உண்டு: அந்த வடிகட்டிக்குப் பிறகு திருத்தம் செய்யாத எளிய வடிவமைப்புகளில், மேல் சுருதிகள் ஸ்பீக்கரின் இம்பிடன்ஸுக்குத் தக்கபடி சற்றே ஏறவோ இறங்கவோ செய்யும். ஹைப்பெக்ஸ், பியூரிஃபை போன்ற விலை கூடிய மாடியூல்களில் இந்தக் குறையைத் தீர்த்துவிட்டார்கள். நீங்கள் பார்ப்பது போன்ற சிறு பெட்டிகளில் அது ஓரளவு இருக்கும். தனியாகக் கேட்கும் காதுக்குப் பெரும்பாலும் தெரியாது.

அசெம்பிள் செட்டை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். தென்காசி, செங்கோட்டை, கொல்லம் பக்கமெல்லாம் நல்ல கை உள்ள மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்; கெட்டால் அன்றே திறந்து பார்த்துத் தர ஆள் இருப்பது சிறிய விஷயமல்ல. ஆனால் அவரிடம் கேட்க வேண்டியது "எத்தனை வாட் போர்டு" என்றல்ல, "என்ன டிரான்ஸ்ஃபார்மர்" என்பதுதான். 24-0-24 (நடு முனைக்கு இருபுறமும் 24 வோல்ட்), 5 ஆம்பியர் என்று பதில் வந்தால், டையோடுக்கும் கண்டன்சருக்கும் பிறகு இரு பக்கமும் 33 வோல்ட் அளவு நிற்கும். சுமை ஏறும்போது அது 30-க்கு இறங்கும். டிரான்சிஸ்டரில் மூன்று நான்கு வோல்ட் போகும். மிஞ்சும் உச்சம் 26 வோல்ட். 8 ஓமில் 42 வாட். போர்டில் 200 என்று அச்சிட்டிருப்பதால் அது கூடாது. 35-0-35 என்றால் கணக்கு 100 வாட்டைத் தொடும். இரண்டு சேனலுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 400 முதல் 500 விஏ வரை கேளுங்கள்; ஒரு பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கண்டன்சராவது போடச் சொல்லுங்கள். 4 ஓம் இறக்கத்தைத் தாங்கச் சேனலுக்கு இரண்டு ஜோடி டிரான்சிஸ்டர் நல்லது.

டிரான்சிஸ்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 5200, 1943 என்ற எண்கள் தோஷிபாவின் ஒரு ஜோடியைக் குறித்தவை. அசலுக்கு 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் என்று மதிப்பு. சந்தையில் கிடைப்பதில் போலிகள் ஏராளம். வெளியே எழுத்து அச்சு அசலாக இருக்கும், உள்ளே சிலிக்கான் துண்டு மட்டும் சிறியதாக இருக்கும். சும்மா பாடும்போது வேறுபாடு தெரியாது. திருவிழாச் சத்தத்தில் ஓட்டும்போது ஷார்ட் ஆகும். ஷார்ட் ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: 35-0-35 செட்டில் உள்ளே நிற்கும் 48 வோல்ட் டிசி நேராக உங்கள் வூஃபருக்குப் போகிறது, 6 ஓமில் அது 400 வாட்டுக்கு அருகில், இசை போல வந்து போகாமல் நிலையாக நிற்கும் 400 வாட். சில நொடிகளில் வாய்ஸ் காயில் கருகி, அரக்கு வாசனை ஹால் முழுதும் பரவும். ஆகவே ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு, அதாவது டிசி வந்தவுடன் ரிலேயைத் துண்டிக்கும் சுற்று, இல்லாமல் எந்த அசெம்பிள் செட்டையும் அந்த டவருக்குக் கொடுக்க வேண்டாம். சுவிட்ச் போட்டு ஒன்றிரண்டு நொடி கழித்து "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால் அது இருக்கிறது என்று அறியலாம். அதைப் போட மெக்கானிக் தயங்கினால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இதே பேச்சில், கல்யாண வீட்டு ஆம்ப்களையும் சிலர் வீட்டுக்கு யோசனை சொல்வார்கள். கூம்பு ஹார்னுக்காக 100 வோல்ட் லைன் கொடுக்கும்படி செய்த பெட்டிகள் அவை. நோக்கமே வேறு, வேண்டாம்.

புனலூர் ஜப்பான் ஆம்ப்தான் மூன்றில் மனத்தை இழுப்பது என்று தெரிகிறது. கிலோக்கணக்கில் கனக்கும் டிரான்ஸ்ஃபார்மர், தடித்த அலுமினிய முகப்பு, ஊசி ஆடும் மீட்டர் எல்லாம் சேர்ந்து. கேரளப் பக்கம் கல்ஃபிலிருந்து வந்த இத்தகைய செட்டுகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. நல்ல காலத்து வேலைப்பாடு. விலை பேசும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வளைகுடாவுக்கு அனுப்பிய மாடல்களில் 110, 127, 220, 240 என்று வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருப்பதுண்டு. சவூதியில் ஒரு காலத்தில் 127 வோல்ட் வழக்கில் இருந்ததால் அந்த எண். அதை 220 அல்லது 240-இல் வைத்த பிறகே பிளக்கைச் சொருக வேண்டும். சுவிட்சே இல்லாமல் 100 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், தனி ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் செலவும் சேரும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து, வாங்கும் முன் அங்கேயே கேட்டுப் பார்க்க வேண்டியது பெரிய சத்தத்தில் அல்ல, மிகச் சிறிய சத்தத்தில். ஒரு பக்கம் மங்கலாகவோ கரகரப்பாகவோ பாடி, சத்தத்தைக் கூட்டியவுடன் சட்டென்று தெளிந்தால், வெளியீட்டு ரிலேயின் முனைகள் ஈரத்தில் கறுத்திருக்கின்றன. அது பயப்படும் நோயல்ல, ரிலேயை மாற்றினால் தீரும். விலையைக் குறைக்கக் காரணம் கிடைத்தது என்று கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் பாட்டு இல்லாதபோதும் கனத்த உறுமல் இருந்தால், ஃபில்டர் கண்டன்சர்கள் காய்ந்துவிட்டன. பெரிய கண்டன்சர்களை மாற்றும் செலவு, பல நேரம், பேசிய விலையில் கணிசமான பங்கு. மல்டிமீட்டர் ஒன்று எடுத்துச் செல்லுங்கள்; ஸ்பீக்கர் இணைக்காமல், இன்புட்டில் ஒன்றும் கொடுக்காமல், வெளியீட்டு முனையில் டிசி வோல்ட்டை அளந்தால் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால், எவ்வளவு அழகான பெட்டியானாலும், பழுது பார்க்கும் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

நம் பக்கத்து வானிலையும் மின்சாரமும் இந்தத் தேர்வில் பெரும் பங்கு வகிக்கின்றன. நகரத்தில் எழுதும் ஆலோசனைகளில் இவை வருவதில்லை. மலையடிவாரத்தில் ஆனி, ஆடிச் சாரலில் சுவரெல்லாம் ஈரம் கசியும்; ஐப்பசி, கார்த்திகையிலும் கோடை மழையிலும் பிற்பகல் இடி தவறாது. இடி காலத்தில் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவ வேண்டும்; அதைவிட முக்கியமாக, டிஷ் அல்லது கேபிள் டிவி ஒயரை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்ற வேண்டும். இடியில் பலியாகும் செட்டுகளில் பல, கரண்ட் வழியாக அல்ல, அந்த ஒயர் வழியாகவே அடி வாங்குகின்றன. சர்ஜ் புரொடெக்டர் பயனுள்ளதுதான். ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் அது வெறும் பிளக் பலகை. ஹம்மிங் வருகிறது என்பதற்காக மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்துப் போடும் பழக்கம் ஒன்று இங்கே இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான வேலை அது. அந்த உறுமலுக்கும் காரணம் பெரும்பாலும் அதே கேபிள் ஒயரின் எர்த்துதான். அதைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மாலையில் உங்கள் பக்கம் கரண்ட் 190 வோல்ட்டுக்கு இறங்குகிறதா என்று ஒருமுறை அளந்து பாருங்கள். கனத்த டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட ஆம்பில், 230-க்குப் பதில் 190 வந்தால் உள்ளே வோல்ட்டும் அதே விகிதத்தில் குறையும். வாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கிளாஸ் டி ஆம்பின் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஒரே 48 வோல்ட்டைத் தரும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் பாட்டுக் கேட்கும் வழக்கம் இருந்தால் அதுவும் ஒரு காரணம்: சதுர அலை இன்வெர்ட்டரில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் உறுமும். கனமான ஆம்பை விரும்பினால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும்.

பல்லி, எறும்பு விஷயத்தையும் விட முடியாது. சூடாக இருக்கும் பெட்டிக்குள் அவை குடிபுகும். பவர் சப்ளையின் இரண்டு முனைகளுக்கு இடையே ஒரு பல்லி மாட்டினால் பெட்டியும் போகும், பல்லியும் போகும். காற்றுத் துளைகளுக்கு உட்புறமாகக் கொசுவலைத் துண்டு ஒட்டி, மாதம் ஒருமுறை தூசி தட்டினால் போதும். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். கண்டன்சரின் ஆயுள், சூடு பத்து டிகிரி குறையும்தோறும் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

"வால்வு ஆம்ப்தான் இனிமை, கிளாஸ் ஏ-தான் உயர்வு" என்று சொல்பவர்களோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் 1985-இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ஸ்டீரியோஃபைல் இதழின் ஆசிரியர்கள் கொடுத்த விலையுயர்ந்த ஆம்ப் ஒன்றின் வெளியீட்டோடு ஒத்துப்போகும்படி, தமது விலை குறைந்த டிரான்சிஸ்டர் ஆம்பைச் சில நாட்களில் மாற்றியமைத்துக் காட்டினார்; அவர்கள் காதால் வேறுபாட்டைப் பிடிக்க முடியவில்லை. திறனுக்குள் ஓடும் நல்ல ஆம்ப்களுக்கு இடையே உள்ள வேறுபாடு, டைல்ஸ் தரையில் ஒரு தடித்த விரிப்பு போடுவதால் வரும் வேறுபாட்டைவிடச் சிறியது என்பதே என் கருத்தும். சித்திரை, வைகாசியில் எந்நேரமும் முழு கரண்டை இழுக்கும் கிளாஸ் ஏ பெட்டியின் சூட்டை ஹாலில் வைத்துக்கொண்டு உட்காருவதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

ஆகவே, 25,000 ரூபாயை எடுக்கும் முன் செலவில்லாத சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு ஒயர்களை மட்டும் மாற்றிப் போட்டு ஒரே பாட்டைக் கேளுங்கள். முன்பைவிட அடி கனத்து, குரல் நடுவில் வந்து நின்றால், இதுநாள் வரை ஒரு பக்கம் தலைகீழாக இருந்திருக்கிறது. ரிசீவரின் மெனுவில் ஸ்பீக்கர் இம்பிடன்ஸ் என்ற தேர்வு 4 ஓமில் இருந்தால், பல ரிசீவர்கள் உள்ளே சப்ளை வோல்ட்டைக் குறைத்துவிடும். அதை 8-இல் வைத்து, பெட்டி மிதமிஞ்சிச் சூடாகாமல் ஓடுகிறதா என்று கவனியுங்கள். இரவு நேர மோட் என்ற தேர்வு ஆன் ஆகியிருந்தாலும் உச்சங்கள் அமுங்கும். ஸ்பீக்கரைச் சிறியது என்று குறித்திருந்தால் கீழ்ச் சுருதியெல்லாம் உங்களிடம் இல்லாத சப்வூஃபருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அடி அமுங்கினால், ரிசீவரின் முதுகில் பிரீ அவுட் என்ற ஆர்சிஏ துளைகள் (வெளி ஆம்புக்குச் சிக்னலை எடுத்துக் கொடுப்பவை) முன்பக்க இரு சேனலுக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சப்வூஃபருக்கு மட்டும் ஒன்று இருந்தால் அது இதற்கு உதவாது. பிரீ அவுட் இருந்தால் 48 வோல்ட் கிளாஸ் டி ஆம்பையே முதலில் சொல்வேன். உங்கள் பணத்தில் பாதியளவில் முடியும், கரண்ட் ஏற்ற இறக்கத்துக்கும் சாரலுக்கும் அதிகம் அலட்டாது. கெட்டால் சிப்பை மாற்றித் தர நம் பக்கம் ஆள் கிடைப்பது அரிது, முழு போர்டையும் மாற்றும் நிலை வரலாம் என்பதை அறிந்தே வாங்குங்கள். ஜப்பான் ஆம்ப் சோதனைகளில் தேறி, மாலை வோல்ட்டும் உங்கள் வீட்டில் நன்றாக நின்றால் அதையும் மறுக்க மாட்டேன். அசெம்பிள் செட் மூன்றாவது. பிரீ அவுட் இல்லையென்றால் பவர் ஆம்ப் பேச்சே இல்லை. வால்யூமும் இன்புட் தேர்வும் தன்னிடமே உள்ள இண்டகிரேட்டட் ஆம்ப் வாங்கி, டிவியையும் போனையும் நேராக அதில் இணைக்க வேண்டியதுதான்.

ஒயருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 ஸ்கொயர் செம்புக் கம்பி உங்கள் தூரத்துக்குத் தாராளம்; அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதை மட்டும் தவிருங்கள், முனையைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். எந்த ஆம்ப் வந்தாலும் முதல் நாள் டவரை இணைக்காமல், வெளியீட்டில் டிசி அளந்து, பழைய ஸ்பீக்கர் ஒன்றில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ரிசீவரின் மாடல் எண்ணையும் பிரீ அவுட் இருக்கிறதா என்பதையும் எழுதினால், கெயின், அதாவது உள்ளே வரும் வோல்ட்டை ஆம்ப் எத்தனை மடங்காக்குகிறது என்பது, எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அடுத்து சொல்கிறேன். 26 டெசிபல் கெயின் கொண்ட ஆம்புக்கு நாம் கணக்கிட்ட 22.6 வோல்ட்டை எட்ட 1.1 வோல்ட் அளவு உள்ளே வந்தால் போதும்; பெரும்பாலான ரிசீவர்களின் பிரீ அவுட் அதைச் சிரமமின்றிக் கொடுக்கும்.